திருச்சி விமான நிலையம்: முனையம் வந்தது, ஓடுதளம் காத்திருக்கிறது

இந்தியாவின் பெரும்பாலான விமான நிலையங்களில் உள்நாட்டுப் பயணிகளே மிகுதி. வெளிநாட்டுப் பயணம் அங்கே ஒரு சிறு பங்குதான். திருச்சிராப்பள்ளியில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. ஆண்டுக்கு 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் இந்த நிலையத்தில் கடல் கடந்து செல்பவர்களும் கடல் கடந்து திரும்புபவர்களுமே பெரும்பான்மை. தில்லிக்கும் மும்பைக்கும் போகிறவர்களைவிடச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் கொழும்புக்கும் போகிறவர்கள் இங்கே அதிகம். தொழில் நகரமான கோயம்புத்தூரின் நிலையம் இதற்கு நேர்மாறானது. அங்கே உள்நாட்டுப் போக்குவரத்துதான் முதுகெலும்பு.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் திருச்சி நிலையத்தை மதிப்பிட வேண்டும். அதை நம்பியிருப்பவர்கள் யார், அவர்களுக்கு வேண்டிய சேவை கிடைக்கிறதா, கிடைக்காததற்குக் காரணம் என்ன என்ற மூன்று கேள்விகளை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கப்பல் விட்ட இடத்தில் விமானம்

திருச்சியின் வெளிநாட்டுத் தொடர்பு விமானத்தோடு தொடங்கியது அல்ல. சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் ரயில் திருச்சி வழியாகத்தான் தனுஷ்கோடிக்குப் போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மறுபடியும் ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்பு இராமேஸ்வரத்திலிருந்து நடந்த கப்பல் போக்குவரத்தும் இலங்கையின் போர்ச் சூழலில் 1980-களில் நின்றது. கிழக்குத் திசையில் நாகப்பட்டினமே வாசல். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ராஜுலா கப்பலும் பிறகு எம்.வி. சிதம்பரமும் ஆட்களைச் சுமந்து சென்றன. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் எம்.வி. சிதம்பரத்தில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் கப்பல் வழியும் முடிந்தது.

விமானம் இந்த இரு வழிகளுக்கும் வாரிசாக வந்தது. 1938-லேயே டாடா நிறுவனத்தின் அஞ்சல் விமானங்கள் கராச்சியிலிருந்து பம்பாய், சென்னை, திருச்சி வழியாகக் கொழும்புவரை பறந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை இந்தத் தளத்தைப் பயன்படுத்தியது. விடுதலைக்குப் பின் இலங்கையின் ஏர் சிலோன் திருச்சிக்கு வந்துபோனது. அதன் இடத்தைப் பின்னாளில் பிடித்த நிறுவனமே இன்று ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் என்ற பெயரில் கொழும்பு விமானத்தை இயக்குகிறது. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ நிறுவனம் யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானத்தைத் தொடங்கியபோது, பாக் நீரிணைக்கு இருபுறமும் உள்ள தமிழர்களின் பழைய வழி ஒன்று புது வடிவில் திறந்தது.

ஆக, இங்கே பயணச் சந்தையைப் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கவில்லை. நகரத்தார் வணிகமும் தோட்டத் தொழிலாளர்களின் இடப்பெயர்வும் வளைகுடா வேலையும் அடுத்தடுத்து வந்து அதை உருவாக்கிவிட்டன. அந்தப் போக்குவரத்தை ஏந்திக்கொள்ளும் வசதி போதுமானதா என்பதே இன்றைய கேள்வி.

யார் பயணிகள்?

திருச்சி நிலையத்தின் பரப்பு அந்த மாவட்டத்தோடு முடிவதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர், சிவகங்கை, இராமநாதபுரம், காரைக்கால் எனப் பத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்களின் மக்கள் இங்கே வருகிறார்கள். பேராவூரணி, அறந்தாங்கி, ஒரத்தநாடு, தேவகோட்டை, அதிராம்பட்டினம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் வெளிநாட்டில் ஒருவர் இருக்கும் வீடுகள் உண்டு. கடற்கரை முஸ்லிம் ஊர்களில் இப்படி வெளிநாடு போனவர்களைச் சபுராளிகள் என்பார்கள்.

இவர்களில் பெரும்பகுதியினர் உழைப்பாளிகள். சிங்கப்பூரில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும், மலேசியாவில் உணவகங்களிலும், வளைகுடாவில் ஓட்டுநராகவும் கொத்தனாராகவும் எலெக்ட்ரீஷியனாகவும் வீட்டுப் பணியாளராகவும் வேலை செய்பவர்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்புபவர்கள். முதன்முறையாக விமானம் ஏறுபவர்கள். சிலருக்குத் தமிழ் தவிர வேறு மொழி படிக்க வராது. சிங்கப்பூர், மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் திருமணத்துக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் மருத்துவத்துக்கும் வருகின்றன. இலங்கைத் தமிழர்கள் திருவரங்கத்துக்கும் தஞ்சைக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வருகிறார்கள்.

இந்த நிலையத்தின் சேவைகளைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் இவர்களே. வணிகப் பயணிக்கு நல்ல காத்திருப்பு அறையும் வேகமான இணையமும் முதன்மையாக இருக்கலாம். பேராவூரணியிலிருந்து வேனில் வரும் குடும்பத்துக்கு நியாயமான கட்டணமும், புரியும் மொழியில் அறிவிப்பும், வழியனுப்ப வந்தவர்கள் உட்கார இடமும், நள்ளிரவில் ஊர் திரும்பப் பேருந்தும் வேண்டும்.

புதிய முனையம் தந்தது என்ன?

2009-ல் திறக்கப்பட்ட முனையம் சில ஆண்டுகளிலேயே நெரிசலில் திணறியது. 2012 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை திருச்சிக்கும் கோயம்புத்தூர், மங்களூரு, லக்னோ, வாரணாசி ஆகியவற்றுக்கும் பன்னாட்டு விமான நிலையத் தகுதி அளித்தது. தகுதி வந்தபோது முனையம் அதற்கு ஈடாக இல்லை. அடுத்தடுத்து இரண்டு மூன்று விமானங்கள் இறங்கும் வேளைகளில் குடியேற்றச் சோதனைக்கு நீண்ட வரிசை நிற்கும்.

புதிய முனையத்துக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 1,100 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட அதைப் பிரதமர் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தார். பயணிகள் சேவை ஜூன் 11 அன்று தொடங்கியது. ஆண்டுக்கு 44 லட்சத்துக்கும் அதிகமான பயணிகளையும், நெரிசல் நேரத்தில் ஒரே வேளையில் சுமார் 3,500 பேரையும் தாங்கும் அளவுக்கு அது வடிவமைக்கப்பட்டது. திருவரங்கக் கோபுரத்தின் வண்ணங்களும் கோலங்களும் அதன் முகப்பிலும் சுவர்களிலும் இடம்பெற்றுள்ளன.

இது உண்மையான முன்னேற்றம். மணிக்கணக்கில் நின்றே பழகியவர்களுக்கு விசாலமான கூடமும், கூடுதல் கவுன்ட்டர்களும், விமானத்தின் கதவுவரை கொண்டுசெல்லும் ஏரோபிரிட்ஜும் மரியாதையான மாற்றம். பயணப் பெட்டியைத் தலையில் சுமந்து வெளிநாடு போன தலைமுறையின் பிள்ளைகளுக்கு இப்படியொரு முனையம் உரியதுதான்.

ஆனால் முனையம் ஒரு விமான நிலையத்தின் பாதிதான். மறுபாதி வெளியே, புல்வெளி நடுவே, தார்ச்சாலையாகக் கிடக்கிறது.

ஓடுதளம் என்னும் அளவுகோல்

திருச்சியின் ஓடுதளம் 2,500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சென்னையின் முதன்மை ஓடுதளம் 3,600 மீட்டரைத் தாண்டும். கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் சுமார் 3,400 மீட்டர். 2018-ல் திறக்கப்பட்ட கண்ணூரில்கூட 3,050 மீட்டர்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கை தரும் தூக்குவிசையும் எஞ்சினின் வலுவும் குறையும். அதே எடையைத் தூக்க விமானம் இன்னும் நீண்ட தூரம் ஓட வேண்டும். ஓடுதளம் அந்த அளவுக்கு நீளமில்லை என்றால் எடையைக் குறைப்பதே வழி. பயணிகளைக் குறைக்க வேண்டும், அல்லது சரக்கை இறக்க வேண்டும், அல்லது எரிபொருளைக் குறைத்துப் பறக்கும் தூரத்தைச் சுருக்க வேண்டும். ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்வர இன்றைய நீளம் போதும். 300 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் அகன்ற உடல் விமானங்கள் முழுச் சுமையோடு தொலைதூரம் பறக்க இது போதாது. எனவே லண்டனுக்கோ சிட்னிக்கோ போகும் தஞ்சைக்காரர் வேறொரு நகரத்தில் விமானம் மாறியே ஆக வேண்டும்.

நீளம் பாதுகாப்புக்கும் உதவும். 2018 அக்டோபர் 12 அதிகாலையில் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் தாழ்வாக எழுந்ததால் ஓடுதள முனையிலிருந்த திசைகாட்டும் ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் மோதியது. 136 பேரோடு அது மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. அந்த நிகழ்வுக்கு ஓடுதள நீளத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பிழை நேரும்போது உயிரைக் காக்கும் கூடுதல் இடம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதை அது காட்டியது. 2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. எரிபொருளைத் தீர்க்க அது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமிட்டு, பிறகு இங்கேயே நலமாகத் தரையிறங்கியது. அன்று 141 பயணிகளின் குடும்பங்களோடு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஓடுதளத்தை நீட்டும் திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேசப்படுகிறது. அதற்குத் தனியார் பட்டா நிலமும் பாதுகாப்புத் துறை நிலமும் தேவை. பட்டா நிலத்துக்கு உரிய இழப்பீடு தர வேண்டும். பாதுகாப்புத் துறை தன் நிலத்துக்கு மாற்று நிலமோ விலையோ கேட்கும். மாநில வருவாய்த் துறை, இந்திய விமான நிலைய ஆணையம், பாதுகாப்பு அமைச்சகம் ஆகிய மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்து முடிக்க வேண்டிய வேலை, மேசைக்கு மேசை நகர்ந்தே காலம் கழிந்தது. வீட்டையும் வயலையும் இழக்கும் குடும்பங்களும் இதே காவிரி டெல்டாவின் மக்கள்தான். அவர்களுக்குச் சந்தை மதிப்புக்குக் குறையாத இழப்பீட்டை, வெளியேற்றும் முன்பே, கையில் கொடுப்பது இத்திட்டத்தின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

காகிதத்தில் உள்ள பூட்டு

நிலம் கிடைத்து ஓடுதளம் நீண்டாலும் திறக்காத பூட்டு ஒன்று உண்டு. எந்த நாட்டு நிறுவனம் எந்த நகரத்துக்கு வாரத்துக்கு எத்தனை இருக்கைகளுடன் பறக்கலாம் என்பதை இரு நாட்டு அரசுகள் செய்துகொள்ளும் வான்வழி ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் பெயர் இல்லாத நகரத்துக்கு அந்த நாட்டு விமானம் வர முடியாது.

2000-களின் தொடக்கத்தில் இந்தியா ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு 18 சுற்றுலா நகரங்களைத் தாராளமாகத் திறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் திருச்சியும் இருந்தது. இலங்கைக்கும் இதே போன்ற சலுகை கிடைத்தது. இதன் பலன் கண்கூடு. மலேசியாவின் ஏர் ஏசியா 2008 டிசம்பரில் இந்தியாவுக்குள் காலடி வைத்தபோது தேர்ந்தெடுத்த முதல் நகரம் திருச்சி. பின்னர் சிங்கப்பூரின் ஸ்கூட், மலேசியாவின் பாத்திக் ஏர், 2023 இறுதியில் வியட்நாமின் வியட்ஜெட் எனப் பல நிறுவனங்கள் வந்தன. போட்டி இருந்ததால் கிழக்குத் திசையில் கட்டணம் சாமானியர் கைக்கு எட்டியது.

மேற்குத் திசையில் நிலைமை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தோடு உள்ள ஒப்பந்தத்தில் அந்நாட்டு நிறுவனங்கள் இறங்கக்கூடிய நகரங்களில் திருச்சி இல்லை. எமிரேட்ஸும் ஃப்ளைதுபாயும் சென்னைக்கு வரலாம், கொச்சிக்கு வரலாம், திருச்சிக்கு வர முடியாது. எனவே வளைகுடாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற இந்திய நிறுவனங்களையே நம்ப வேண்டும். பள்ளி விடுமுறையிலும் பொங்கலிலும் ரம்ஜானிலும் இருக்கைகள் தீர்ந்து கட்டணம் எகிறும்போது மாற்று வழி இல்லை. பலர் சென்னைக்கோ கொச்சிக்கோ கார் பிடித்துப் போய் ஏறுகிறார்கள். அந்தக் கார் வாடகையும் ஒரு நாள் கூலி இழப்பும் எந்த அரசுக் கணக்கிலும் வருவதில்லை.

உள்நாட்டு நிறுவனங்களைக் காக்கவும், இந்தியாவின் பெருநகரங்களைப் பன்னாட்டு மையங்களாக வளர்க்கவும் இந்தக் கட்டுப்பாடு தேவை என்று ஒன்றிய அரசு கருதுகிறது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. வளைகுடா நிறுவனங்கள் இந்தியப் பயணிகளைத் தங்கள் நகரங்களுக்கு அள்ளிச் சென்று அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகின்றன என்பது உண்மையே. ஆனால் திருச்சியில் ஏறும் தொழிலாளியின் பயணம் துபாயிலேயே முடிந்துவிடுகிறது. அவரைத் தடுத்து எந்த இந்திய நகரமும் பன்னாட்டு மையமாகிவிடப் போவதில்லை.

கண்ணூரின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கே நீண்ட ஓடுதளம் இருக்கிறது, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் முடங்கியபோது கண்ணூரின் வளைகுடாச் சேவை பெரும் அடி வாங்கியது. ஓரிரு நிறுவனங்களை மட்டும் நம்பும் நிலையத்துக்கு அந்த நிறுவனங்களின் நோய் தானாகத் தொற்றும். அங்கே அனுமதி இல்லாமல் நீளம் வீணாகிறது. இங்கே கிழக்குக்கு அனுமதி இருந்தும் அகன்ற உடல் விமானங்களுக்கு நீளம் போதவில்லை, மேற்குக்கு இரண்டுமே இல்லை.

சரக்கு: விளைச்சலுக்கு ஒரு வாசல்

2009-க்குப் பின், அதற்கு முன்பிருந்த முனையம் சரக்கு வளாகமாக மாறியது. காவிரிப் படுகையின் காய்கறி, வாழை, வெற்றிலை, மல்லிகை, மீன் முதலியவை பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில் ஏறிச் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகின்றன. மாலையில் பறித்த பூ மறுநாள் காலை சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைக்குப் போய்ச் சேர முடிகிறது.

இதிலும் ஓடுதளமே தடை. சிறிய விமானத்தின் சரக்கறை சிறியது. பயணிகளின் பெட்டிகளே அதில் பெரும்பகுதியை நிரப்பிவிடும். எடைக் கட்டுப்பாடு வரும் நாளில் முதலில் இறக்கப்படுவது சரக்குதான். பூவும் கீரையும் மறுநாள்வரை காத்திருக்காது. அகன்ற உடல் விமானமோ தனிச் சரக்கு விமானமோ வந்தால் உழவருக்குக் கிடைக்கும் விலை மாறும். அதுவரை குளிர்சாதனக் கிடங்கின் கொள்ளளவைப் பெருக்குவதும், தாவர நலச் சான்று வழங்கும் அலுவலர்கள் இரவு விமானங்களுக்கும் பணியில் இருப்பதும் உடனே செய்யக்கூடியவை.

மனிதர்களுக்கான சேவை

இந்த நிலையத்தில் ஏறுபவர்களில் பலர் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி தனி அனுமதி பெற வேண்டும். ஏமாற்றும் முகவர்களிடமிருந்து காப்பதற்காக வந்த விதி இது. அந்த முகவர்களே சுற்றுலா விசாவில் அனுப்பிச் சட்டத்தைச் சுற்றிக் கடக்கிறார்கள். குடியேற்றக் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பப்படும்போதுதான் பலருக்கு ஏமாற்றப்பட்டது தெரிகிறது. அயலகத் தமிழர் நலனுக்கென்று தமிழக அரசு தனித் துறையும் வாரியமும் வைத்திருக்கிறது. அந்த வாரியத்தின் உதவி மையம் புறப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, எல்லா விமான நேரங்களிலும், தமிழ் பேசும் ஊழியர்களோடு இயங்க வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டவும், படிவம் நிரப்பித் தரவும், போகும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பவும் ஒருவர் இருந்தால் பல துயரங்கள் தொடங்கும் முன்பே நிற்கும்.

சுங்கச் சோதனை இன்னொரு சிக்கல். தங்கம் கடத்தும் கூலிப் பயணிகளான குருவிகளால் திருச்சியின் பெயர் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. 2024 ஜூலையில் தங்க இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது கடத்தலின் லாபத்தைக் குறைத்தது. கடத்தலைப் பிடிப்பது சுங்கத் துறையின் கடமை, அதில் இரண்டாவது கருத்து இல்லை. அதே வேளையில், இரண்டாண்டு உழைப்பில் மனைவிக்கு ஒரு சங்கிலி வாங்கி வருபவரும் குருவியும் ஒன்றல்ல. எவ்வளவு கொண்டுவரலாம், எதற்கு வரி, ரசீது ஏன் வேண்டும் என்பதைப் பெட்டி எடுக்கும் கூடத்திலேயே பெரிய தமிழ் எழுத்தில் வைத்தால் அச்சமும் தகராறும் குறையும்.

யாரும் பேசத் தயங்கும் ஒன்றும் இங்கே உண்டு. வெளிநாட்டில் இறந்த தொழிலாளர்களின் உடல்கள் சரக்குப் பிரிவு வழியாகத்தான் ஊர் வருகின்றன. கையெழுத்துக்கும் சான்றுக்கும் அலையும் குடும்பத்தை மற்றச் சரக்கு எடுக்க வந்தவர்களோடு வரிசையில் நிறுத்துவது நாகரிகமல்ல. அவர்களுக்குத் தனி அறை, ஒரே இடத்தில் எல்லா ஆவணமும், அரசு செலவில் வீடுவரை ஆம்புலன்ஸ் என்பது எழுதப்பட்ட நடைமுறையாக இருக்க வேண்டும்.

வழியனுப்பவும் அழைத்துச் செல்லவும் வருபவர்களும் இந்நிலையத்தின் பயனாளிகளே. விமானங்களில் பல இரவிலும் அதிகாலையிலும் வந்துபோகின்றன. குழந்தைகளோடும் முதியவர்களோடும் வேனில் வரும் குடும்பத்துக்குக் கழிப்பறையும் குடிநீரும் மலிவான உணவும் கூரையுள்ள காத்திருப்பிடமும் அடிப்படைத் தேவை. புதுக்கோட்டைச் சாலையிலிருந்து முனையம் உள்ளே தள்ளி இருப்பதால் பேருந்து வாசல்வரை வந்தால்தான் பெட்டியோடு வருபவர்களுக்குப் பயன். 2025-ல் பஞ்சப்பூரில் புதிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் செயல்படத் தொடங்கிவிட்டது. அதையும் மத்தியப் பேருந்து நிலையத்தையும் ரயில் சந்திப்பையும் விமான முனையத்தோடு இணைக்கும் வட்டப் பேருந்து, விமான அட்டவணையை ஒட்டி இரவு முழுவதும் ஓட வேண்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டை, கும்பகோணத்துக்கு முனையத்திலிருந்தே நேரடிப் பேருந்து விட்டால் நள்ளிரவு டாக்சிக் கட்டணம் மிச்சமாகும்.

தீர்ப்பு

திருச்சி விமான நிலையத்தின் குறை, பயணிகள் இல்லாமை அல்ல. பயணிகள் எப்போதும் இருந்தார்கள். கப்பல் நின்றபோதும் வந்தார்கள், நெரிசலில் நின்றும் பறந்தார்கள், கொரோனா ஊரடங்கில் வந்தே பாரத் மீட்பு விமானங்களில் இங்கேயே திரும்பி வந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் டெல்டாவில் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் பொறியாளர்களும் செவிலியர்களும் ஆனார்கள். அவர்களுக்காக அரசு முதலில் கட்டியது கண்ணுக்குத் தெரியும் முனையத்தை. கண்ணுக்குத் தெரியாத ஒப்பந்தமும், யாரும் படம் எடுக்காத ஓடுதளமும், இரவுப் பேருந்தும் பின்தங்கிவிட்டன.

செய்ய வேண்டியவை தெளிவானவை. நிலமெடுப்புப் பணியையும் இழப்பீட்டையும் காலக்கெடு வைத்து முடிக்க வேண்டியது மாநில அரசு. பாதுகாப்புத் துறை நிலத்தை விடுவித்து ஓடுதளத்தை நீட்ட வேண்டியதும், அமீரகம், கத்தார், ஓமன், குவைத் ஒப்பந்தங்களில் திருச்சியைச் சேர்க்க வேண்டியதும் ஒன்றிய அரசு. உதவி மையமும் பேருந்தும் தமிழ் அறிவிப்பும் பெரிய நிதி கேட்காதவை, இந்த ஆண்டே தொடங்கலாம். 2021-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட பணமாக்கல் திட்டத்தில் தனியாரிடம் ஒப்படைக்கப்பட வேண்டிய 25 நிலையங்களில் திருச்சியும் இடம்பெற்றது. நிர்வாகம் யார் கைக்குப் போனாலும் இந்தக் கடமைகளை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளாக எழுத வேண்டும்.

திருச்சியைச் சுற்றியுள்ள தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி ஒரே கோரிக்கையாக இதை அவையில் வைக்க வேண்டும். அதை அவர்களிடம் கேட்க வேண்டியது, வீட்டுக்கொருவரை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் நாம்.